மாடி ஜன்னலில் ஒரு புள்ளி

படகுத்துறைச் சீட்டுக் கூண்டில்
எனக்குச் சம்பளம் பாதி, சும்மா இருப்பதற்கு.
ஒரு படகு போய் அடுத்தது வர நாற்பது நிமிடம்,
மழையென்றால் ஐம்பது.
மழை பெய்யாத நாளை
சிலோயே தீவில் நாங்கள்
கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

அந்த இடைவெளியில் எழுதுகிறேன்,
அச்சுப் பிசகிய சீட்டுச் சுருள்களின் முதுகில்.
எதிரே கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது புகைப்படம்:
கடல்மேல் போகிறது எங்கள் வீடு.

கதைவிடவில்லை.
எங்கள் பக்கம் வீடு மாறுவதென்றால்
வீட்டையே எடுத்துக்கொண்டு போவது.
அடியில் மரத்தண்டுகள், முன்னால் பன்னிரண்டு காளைகள்,
கயிற்றைப் பிடிக்க ஊர்.
கரை முடிந்ததும் சுற்றிலும் பீப்பாய் கட்டித்
தண்ணீரில் இறக்கிவிட்டால்
மீன்படகு இழுத்துப்போகும் எதிர்க்கரைக்கு.
கூலி கிடையாது.
ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு,
ஆப்பிள் சாராயம் தீரும்வரை விருந்து.

படமெடுத்தவர் கணக்கு வாத்தியார் பால்டோமேரோ.
விருந்தை அவர் முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும்:
வீடு நிமிர்ந்து நிற்கிறது,
கடல் சாய்ந்திருக்கிறது.

'வீடு ஒரு கப்பலைப்போல' என்று ஆரம்பித்தேன்.
அடித்தேன்.
கப்பலைப்போல இல்லை.
வீட்டைப்போலவே இருந்தது.
வயிற்றைப் பிசைந்தது அதுதான்.

மூன்று வாரம் அந்த ஒரு வரியோடு கிடந்தேன்.
பிறகுதான் கண்ணில் பட்டது,
மாடி ஜன்னலில் ஒரு புள்ளி.
மிளகளவு. முகமாக இருக்கலாம்.

அண்ணன் அன்செல்மோ என்று முடிவு கட்டினேன்.
ஒளிந்துகொள்ள அவனைத் தவிர யார்?
புள்ளிக்குக் கால்சட்டை போட்டேன்,
பையில் ஒரு ரொட்டித் துண்டு,
பயந்தால் விசிலடிக்கும் பழக்கம்.
பதினொரு சீட்டு நீளத்துக்கு வந்தது.

புந்தா அரேனாஸுக்குப் போன் போட்டு வாசித்தேன்.
முழுக்கக் கேட்டான். சிரித்தான்.
'நல்லாத்தான் இருக்கு.
ஆனா நான் மீன்படகுல இருந்தேனே,
வழியெல்லாம் வாந்தி.'

அம்மாவைக் கேட்டால் உப்புக் கறை என்கிறாள்.
ஓட்டிலியா அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப்
படத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்துச் சொன்னாள்:
'இது நீதானடி, நெல்டா.'

நான் கரையில் நின்றேன்.
ஆறு வயது. கையில் கோழி.
கோழியின் சூடுகூட நினைவிருக்கிறது.
ஆனால் அந்தக் கோழி
வேறொரு புகைப்படத்தில் இருக்கிறது,
வேறொரு நாளில்,
அதே பச்சைச் சட்டையோடு.

எனக்கு இதுவும் தெரிகிறது:
காலி அறை.
விளக்கைக் கழற்றிய கொக்கி மட்டும்
உத்தரத்தில் மெல்ல ஆடுகிறது.
அலமாரி நின்ற இடத்தில் வெளுக்காத சுவர்.
பலகைகளுக்கிடையே தண்ணீர் பேசுகிறது,
பக்கத்து அறையில் பெரியவர்கள் பேசுவதுபோல,
நமக்குப் புரியக்கூடாதென்று.

இதை யார் சொன்னார்கள் எனக்கு?
எந்தப் படத்திலும் இல்லை அந்தக் கொக்கி.

பதினொரு சீட்டையும் கிழித்துப் போட்டேன்.
புள்ளிக்குப் பேர் வைக்கவில்லை இந்தமுறை.
அது நிற்கிற இடத்தில் போய் நின்று
வெளியே பார்த்தேன்.

கரையில் எல்லோரும் சிறுத்துக்கொண்டே போகிறார்கள்.
காளைகள் மூச்சு வாங்குகின்றன,
நுகத்தடியிலிருந்து ஆவி.
அப்பா தொப்பியைக் கழற்றுகிறார்,
எதற்கென்று அவருக்கே தெரியவில்லை,
திரும்பவும் போட்டுக்கொள்கிறார்.
வாத்தியார் ஒரு கண்ணை மூடுகிறார்.
பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி
வீட்டைப் பார்த்துக் கையசைக்கிறாள்.
நான் பதிலுக்கு

கண்ணாடியில் யாரோ நாணயத்தால் தட்டுகிறார்கள்.
படகு வந்துவிட்டது.
வண்டிகள் வரிசையில் ஹாரன்,
கம்பளிமூட்டையோடு இரண்டு பெண்கள்,
சில்லறை இல்லாத ஒரு போலீஸ்காரர்.
கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறேன்.

படகு நடுக்கடலுக்குப் போன பிறகுதான் பார்க்கிறேன்,
அவசரத்தில் கை மாறியிருக்கிறது சுருள்.
நனைந்த கோட்டின் பைக்குள்
யாரோ கொண்டுபோகிறார்கள் அந்தக் கொக்கியை,
இன்னொருவர் அப்பாவின் தொப்பியை.

மேலாளரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.
நாற்பது நிமிடம் இருக்கிறது.
'நான் பதிலுக்கு' மட்டும்
சுருளின் நுனியில் மிச்சம்.
பென்சிலைத் தேடுகிறேன்.